சொல் பார்க்கும் வேலை: ஆங்கிலத்தின் எட்டுச் சொல்வகைகள்

ஆங்கில இலக்கணம் சொற்களை எட்டு வகையாகப் பிரிக்கிறது: பெயர்ச்சொல், மாற்றுப்பெயர், பெயரடை, வினைச்சொல், வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்புச்சொல். பள்ளிக்கூடத்தில் வழங்கும் பெயர்களில் சொன்னால் நவுன், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ், வெர்ப், அட்வெர்ப், ப்ரெபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன். சொல்லின் தோற்றத்தை வைத்தோ அகராதிப் பொருளை வைத்தோ மட்டும் இந்த வகை முடிவாவதில்லை. வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன வேலை பார்க்கிறது என்பதே முதல் கேள்வி. தனிச்சொல்லைக் காட்டி 'இது எந்த வகை' என்று கேட்டால் பல நேரம் விடை கிடையாது. வாக்கியத்தைக் காட்டினால் விடை உண்டு.

வெம்பக்கோட்டை வட்டாரத்துத் தாயில்பட்டியைச் சுற்றி இயங்கும் பட்டாசு ஆலைகளுக்குப் பழக்கமான இரண்டு சட்டங்களின் பெயர்களே இதற்குச் சான்று. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் 'எக்ஸ்ப்ளோசிவ்ஸ் ஆக்ட்'. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் 'எக்ஸ்ப்ளோசிவ் சப்ஸ்டன்சஸ் ஆக்ட்'. முதல் பெயரில் உள்ள 'எக்ஸ்ப்ளோசிவ்ஸ்' பன்மை விகுதி ஏற்ற பெயர்ச்சொல்: வெடிபொருள்கள். இரண்டாவதில் உள்ள 'எக்ஸ்ப்ளோசிவ்' பெயரடை: வெடிக்கும் தன்மையுள்ள. 'சப்ஸ்டன்சஸ்' என்ற பெயருக்கு அடையாக நிற்பதால் அது பன்மை விகுதி ஏற்கவில்லை. ஆங்கிலப் பெயரடை எக்காலத்திலும் பன்மை ஏற்காது என்ற விதி இங்கே சட்டப் புத்தகத்தின் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது.

எட்டு என்ற கணக்கு கிரேக்கத்திலிருந்து வந்தது. தியோனிசியஸ் திராக்ஸ் பெயரால் வழங்கும் சிறு இலக்கண நூல் கிரேக்கச் சொற்களை எட்டாகப் பகுத்தது. அவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அந்த எட்டும் இன்றைய எட்டும் ஒன்றல்ல. அதில் பெயரடை தனி வகையாக இல்லை, பெயர்ச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தது. வியப்புச்சொல்லும் இல்லை. பதிலாக, 'தி' போன்ற சார்படையும், வினையும் பெயரும் கலந்த எச்ச வடிவமும் தனி வகைகளாக எண்ணப்பட்டன. லத்தீனில் சார்படை கிடையாது. ரோமானிய இலக்கணிகள் அதை விட்டுவிட்டு வியப்புச்சொல்லைத் தனி வகையாக்கினார்கள். கணக்கு எட்டாகவே நின்றது. நான்காம் நூற்றாண்டின் தொனாத்துஸ், ஆறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் பிரிசியன் ஆகிய இருவர் நூல்களும் ஐரோப்பியப் பள்ளிகளில் பல நூற்றாண்டு பாடமாக இருந்தன.

ஆங்கிலத்துக்கென்று எழுதி அச்சான முதல் இலக்கணம் வில்லியம் புல்லோகர் 1586இல் வெளியிட்டது. லத்தீனுக்குத் தைத்த சட்டையை ஆங்கிலத்துக்கு மாட்டும் முயற்சி அது. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பெயரடை தனி வகையாக நிலைபெற்றது. யார்க் நகரின் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக லிண்ட்லி மர்ரே எழுதி 1795இல் வெளியிட்ட நூல், சார்படையையும் சேர்த்து ஒன்பது வகை சொன்னது. இந்தியாவில் கல்வித்துறை அதிகாரியாக இருந்த நெஸ்ஃபீல்டின் நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ரென் – மார்ட்டின் நூல் 1930களிலிருந்தும் இந்தப் பகுப்பை இந்தியப் பள்ளிகளில் வேரூன்றச் செய்தன. ரென் அதற்கு முன்பே 'போ ஜெஸ்ட்' என்ற நாவலால் பெயர் பெற்றவர். இன்று தமிழ்நாட்டில் விற்கும் வழிகாட்டி நூல்களின் இலக்கணப் பகுதிகள் பெரும்பாலும் இந்த மரபின் வழிவந்தவை.

தமிழ்ப் பிள்ளை ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது வெறுங்கையோடு நுழைவதில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பகுத்திருக்கின்றன. பெயரும் வினையும் முதன்மையானவை. இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருபவை. இரு பகுப்புகளும் சந்தித்த வரலாற்றில் தென்மாவட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், பேச்சுத் தமிழின் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் பெயரடைகள் உண்மையில் பண்பையோ தொடர்பையோ குறிக்கும் பெயர்களே என்றார். மற்றொரு பெயருக்கு முன்னால் நிற்பதாலேயே அவை அடையின் வேலையைச் செய்கின்றன என்பது அவர் கருத்து. பெயரடையைப் பெயருக்குள் அடக்கிய பழைய கிரேக்கக் கணக்கு இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

எட்டு என்ற எண்ணை மாற்றவே முடியாததாகக் கருத வேண்டியதில்லை. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃப்ரைஸ் 1952இல் ஆங்கிலச் சொற்களை நான்கு பெரிய வகுப்புகளாகவும் பதினைந்து சிறு குழுக்களாகவும் பிரித்துக் காட்டினார். ஆனால் பாடநூலும் தேர்வும் அகராதியும் இன்னும் எட்டையே பேசுகின்றன. அதை அறிந்தவருக்கு எந்த இலக்கண நூலின் வாசலும் திறக்கும்.

முதல் வகை பெயர்ச்சொல். ஆள், இடம், பொருள், குணம், செயல் ஆகியவற்றின் பெயர்கள் இதில் அடங்கும். சிறப்புப்பெயர், பொதுப்பெயர் என்ற பிரிவு தமிழிலும் உண்டு. ஆங்கிலத்தில் கூடுதலாக நினைவில் கொள்ள வேண்டியது எழுத்து வடிவம். தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. ஆங்கிலத்தில் தாயில்பட்டி, சாத்தூர், வைப்பாறு என்ற பெயர்களோடு கிழமைகளும் மாதங்களும் மொழிகளின் பெயர்களும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். 'தமிழ்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது சிறிய எழுத்தில் தொடங்குவது மிகப் பரவலான பிழை.

எண்ணக்கூடிய பெயர், எண்ணமுடியாப் பெயர் என்ற பிரிவே தமிழருக்கு உண்மையில் கடினமானது. 'ராக்கெட்', 'பாக்ஸ்', 'ஸ்பார்க்லர்' எண்ணக்கூடியவை. ஒருமையில் 'எ' ஏற்கும், பன்மையில் 'ஸ்' ஏற்கும். 'சல்ஃபர்', 'அலுமினியம்', 'கன்பவுடர்' எண்ணமுடியாதவை. 'எ கன்பவுடர்' என்று வராது. இந்தப் பிரிவு பொருளின் இயல்பை மட்டும் பொறுத்ததல்ல. தமிழில் தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று தாராளமாகப் பன்மை சொல்லலாம். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்', 'மெஷினரி', 'பர்னிச்சர்' ஆகியவை பன்மை விகுதி ஏற்பதில்லை. அலுவலகக் கடிதங்களில் காணும் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' எல்லாம் தமிழ்ப் பன்மையின் சாயல். ஒரே சொல் இரு பக்கமும் நிற்பதும் உண்டு. சிவகாசி அச்சகத்துக்கு லாரியில் வந்திறங்கும் 'பேப்பர்' எண்ணமுடியாதது. காலையில் வீட்டுக்கு வரும் செய்தித்தாளும் தேர்வறையில் கொடுக்கும் வினாத்தாளும் 'எ பேப்பர்'.

பெயருக்கு முன்னால் மற்றொரு பெயர் அடையாக வருவதும் ஆங்கிலத்தில் மிகுதி. இந்த வட்டாரத்தில் பட்டாசு ஆலையைப் 'பயர் ஆபீஸ்' என்றே சொல்கிறார்கள். அதில் 'பயர்' பெயர்ச்சொல்லே. 'ஆபீஸ்' எந்த வகையானது என்று சொல்லும் வேலையை மட்டும் ஏற்றிருக்கிறது. 'மேட்ச் பாக்ஸ்' என்பதும் அப்படியே. பெட்டிக்குள் குச்சிகள் பல இருந்தும் 'மேட்சஸ் பாக்ஸ்' ஆவதில்லை, ஏனென்றால் அடையாக நிற்கும் பெயர் வழக்கமாக ஒருமையில் வரும். மேலே கண்ட 'எக்ஸ்ப்ளோசிவ்ஸ் ஆக்ட்', ஆயுதச் சட்டத்தின் பெயரான 'ஆர்ம்ஸ் ஆக்ட்', பள்ளிகளின் 'ஸ்போர்ட்ஸ் டே' போன்றவை இந்த வழக்கத்துக்கு விலக்கு. தமிழின் தொகைநிலைத் தொடர் தெரிந்தவருக்கு இந்த அமைப்பு புதிதல்ல. தீப்பெட்டி, மருந்துச் செட், திரிக்கட்டு எல்லாமே பெயரோடு பெயர் சேர்ந்த தொடர்கள்தாம்.

மாற்றுப்பெயர், பெயருக்குப் பதிலாக நிற்பது. நான் – என்னை என்று தமிழில் வேற்றுமை ஏற்கும்போது சொல்லின் உருவம் மாறுவதுபோலவே 'ஐ – மீ', 'ஹீ – ஹிம்', 'வீ – அஸ்' மாறுகின்றன. பெயர்ச்சொல்லில் மறைந்துபோன பழைய வேற்றுமை வடிவங்கள் ஆங்கில மாற்றுப்பெயரில் மட்டும் பிழைத்திருக்கின்றன. தமிழில் உள்ள சில வேறுபாடுகள் ஆங்கிலத்தில் இல்லை. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்', சேர்க்காமல் சொல்லும் 'நாங்கள்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றே. நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ' ஒன்றே. அடுத்தது மரியாதைப் பன்மை. தலைமை ஆசிரியரை 'அவர்' என்று சொல்லிப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் 'தே' என்று எழுதிவிடுகிறது. மனத்தில் இருக்கும் மரியாதை சரிதான். ஆங்கிலம் அந்த மரியாதையை மாற்றுப்பெயரில் காட்டுவதில்லை. 'சார்', 'மேடம்' போன்ற விளிகளாலும் வேண்டுகோளின் சொல்லமைப்பாலும் காட்டுகிறது.

பெயரடையைச் சில வழிகாட்டி நூல்கள் 'பெயர் உரிச்சொல்' என்கின்றன. தமிழ் இலக்கணத்தின் உரிச்சொல் வேறு, ஆங்கில அட்ஜெக்டிவ் வேறு. தமிழில் சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பெயர் குழப்பத்தையே தரும். பெயரடை என்ற பெயர் நேரானது, வேலையையும் சொல்லிவிடுகிறது.

பெயரடை பெயருக்கு முன்னால் நிற்பதில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன: 'எ ட்ரை பிளேஸ்', உலர்ந்த இடம். வினைக்குப் பின்னாலும் வரும்: 'தி பிளேஸ் இஸ் ட்ரை'. நிறத்தைச் சொல்லும் பெயரடை இனத்தைச் சொல்லவும் பயன்படும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பின் இந்த வட்டாரம் முழுவதும் வாயில் புழங்கும் 'கிரீன் கிராக்கர்' என்ற தொடரில் 'கிரீன்' பச்சை நிறத்தைக் குறிப்பதில்லை. மாசு குறைந்த வகை என்று பட்டாசைத் தரம் பிரிக்கிறது. பச்சை ஒளி தரும் மத்தாப்பையும் 'கிரீன்' என்றுதான் சொல்ல வேண்டும். எது எந்தக் 'கிரீன்' என்பதை அடுத்து வரும் பெயரும் இடமும்தான் சொல்லும். அதே தீர்ப்பில் சரவெடியைக் குறிக்க வரும் பெயர் 'ஜாயின்டு பயர்கிராக்கர்ஸ்'. 'ஜாயின்' என்ற வினை 'டு' ஏற்று எச்ச வடிவமாகி, பெயரடையின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோத்த வெடி என்ற தமிழ்ப் பெயரெச்சத் தொடர் செய்யும் வேலை இதுவே.

பெயரெச்சம் நீளும்போது இரு மொழிகளும் பிரிகின்றன. 'நேற்று சாத்தூரிலிருந்து வந்த லாரி' என்பதில் லாரியைப் பற்றிய விவரம் முழுவதும் லாரிக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் லாரி முதலில் வரவேண்டும். விவரம் 'தட்' அல்லது 'விச்' என்ற சொல்லோடு பின்னால் வரும்: 'தி லாரி தட் கேம் ஃப்ரம் சாத்தூர் எஸ்டர்டே'. இந்த ஒரு திருப்பத்தைக் கைக்கொண்டவருக்கு ஆங்கிலத்தின் நீண்ட வாக்கியங்கள் பாதி வசப்பட்டன.

ஒப்பிடும்போது தமிழ்ப் பெயரடை உருமாறாது. 'விட' என்ற சொல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் சிறிய பெயரடைகள் உருமாறும்: 'சேஃப், சேஃபர், சேஃபஸ்ட்'. நீண்டவை 'மோர்', 'மோஸ்ட்' ஏற்கும்: 'மோர் டேஞ்சரஸ்'. இரண்டையும் சேர்த்து 'மோர் சேஃபர்' என்பது பிழை.

வினைச்சொல்லே வாக்கியத்தின் அச்சாணி. பெயர் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்கும், வினை இல்லாமல் முழு வாக்கியம் அமையாது. தமிழில் 'இது மருந்து அறை' என்று வினையே இல்லாமல் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் 'இஸ்' கட்டாயம் வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் இந்த 'இஸ்'ஸைத் தவறவிடுவதற்குக் காரணம் கவனக்குறைவு என்று திட்டுவது நியாயமில்லை. அவர்கள் தாய்மொழியில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

தமிழ் வினைமுற்று தனக்குள்ளேயே எழுவாயைச் சுமக்கிறது. 'வந்தான்' என்ற ஒரே சொல்லில் காலமும் ஆண்பாலும் ஒருமையும் படர்க்கையும் தெரிகின்றன. ஆங்கில 'கேம்' காலத்தை மட்டும் சொல்லும்; வந்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டும். எழுவாய்க்கேற்ப வினை மாறும் வழக்கம் ஆங்கிலத்தில் பெரும்பாலும் உதிர்ந்துபோய், 'பீ' வினையைத் தவிர்த்தால் நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் வரும் 'ஸ்' மட்டும் மிஞ்சியிருக்கிறது: 'ஐ ஒர்க்', 'ஷீ ஒர்க்ஸ்'. பெயரில் 'ஸ்' பன்மை, வினையில் 'ஸ்' ஒருமை என்பதால் ஏற்படும் தடுமாற்றம் பத்தாம் வகுப்பு வரை தொடர்கிறது.

எரிந்தது – எரித்தது, உடைந்தது – உடைத்தது என்று தமிழ் இரண்டு வடிவம் வைத்திருக்கிறது. தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்பது வினையிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'பர்ன்', 'பிரேக்' இரண்டு வேலைக்கும் ஒரே வடிவம். பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்துத்தான் வேறுபடுத்த வேண்டும். 'தி பேப்பர் பர்ன்ட்' என்றால் காகிதம் எரிந்தது. 'ஹீ பர்ன்ட் தி பேப்பர்' என்றால் அவன் காகிதத்தை எரித்தான். செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று தமிழ் வகுப்பில் படிக்கும் பாடம் இங்கே அப்படியே கைகொடுக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை பள்ளிகள் மூன்று காலத்தையும் நான்கு நிலைகளையும் பெருக்கிப் பன்னிரண்டு என்று கற்பிக்கின்றன. மனப்பாடம் செய்ய அது உதவும். ஆனால் ஆங்கில வினை தன் உருவத்தை மாற்றிக் காட்டுவது நிகழ்காலம், இறந்தகாலம் என்ற இரண்டை மட்டுமே. எதிர்காலத்துக்கு 'வில்' போன்ற துணைவினை துணைக்கு வர வேண்டும். 'ஹேவ்', 'பீ', 'டூ' மூன்றும் துணைவினைகளாகவும் தனிவினைகளாகவும் உழைக்கின்றன. எதிர்மறைக்கும் கேள்விக்கும் 'டூ' தேவைப்படுவது ஆங்கிலத்தின் தனிக்குணம். பட்டாசுப் பெட்டியில் அச்சாகும் 'டூ நாட் ஹோல்ட் இன் ஹேண்ட்' என்ற வகை எச்சரிக்கையில் 'டூ' துணைவினை, 'நாட்' வினையடை, 'ஹோல்ட்' முதன்மை வினை. 'கையில் பிடிக்காதீர்கள்' என்பதில் எதிர்மறை இடைநிலை வினைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்திலோ அது தனிச் சொல்லாக வெளியே நிற்கிறது. மங்கிய அச்சில் அந்த ஒரு சொல் அழிந்தால் எச்சரிக்கை கட்டளையாகிவிடும். சிவகாசி அச்சகங்களில் மெய்ப்புத் திருத்துகிறவர் அந்தச் சொல்லில் கண் வைப்பது வெறும் எழுத்துப்பிழைப் பிரச்சினை அல்ல.

பெட்டி வாசகங்கள் பெரும்பாலும் ஏவல் வாக்கியங்கள். ஏவலில் எழுவாய் தோன்றாது, வினை அடிவடிவில் வாக்கியத்தின் தலையில் நிற்கும். 'ஸ்டோர் இன் எ கூல், ட்ரை பிளேஸ்' என்ற வாசகத்தில் 'ஸ்டோர்' வினை, 'இன்' முன்னிடைச்சொல், 'எ' சார்படை, 'கூல்', 'ட்ரை' இரண்டும் பெயரடை, 'பிளேஸ்' பெயர். 'ஸ்டோர்' என்றதும் கடை என்று மட்டும் தெரிந்தவருக்கு இந்த வாசகம் புரியாது. வாக்கியத்தின் முதல் சொல்லாக நிற்கிறது, பின்னால் இடம் சொல்கிறது, எழுவாய் இல்லை – இந்த மூன்றையும் கண்டால் அது வினை என்று தெளியலாம்.

துணைவினைகளில் 'ஷல்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் 'ஐ', 'வீ' இரண்டுக்குப் பின் வரும் எதிர்காலத் துணைவினை என்று கற்பிக்கிறார்கள். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளிலும் உரிம நிபந்தனைகளிலும் வரும் 'ஷல்' எதிர்காலம் அல்ல, கட்டாயம். 'நோ பர்சன் ஷல் ஸ்மோக்' என்று ஒரு நிபந்தனை இருந்தால், யாரும் புகைபிடிக்க மாட்டார்கள் என்று அது சோதிடம் சொல்லவில்லை. யாரும் புகைபிடிக்கக் கூடாது என்று கட்டளையிடுகிறது. 'மே' அனுமதி, 'மஸ்ட்' கட்டாயம், 'ஷுட்' செய்வது நல்லது, 'ஷல்' சட்டநடையில் கட்டாயம். பட்டாசு ஆலைப் போர்மேன் தேர்வுக்குப் படிப்பவரும் உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பவரும் இந்த நான்கின் எடையையும் அறிந்திருக்க வேண்டும். பாடநூலில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

வினையிலிருந்து பிறந்து பெயராக நடப்பது தொழிற்பெயர். புகைபிடித்தல், கலத்தல், நிரப்புதல் என்பவற்றுக்கு நிகராக 'ஸ்மோக்கிங்', 'மிக்சிங்', 'ஃபில்லிங்' வருகின்றன. 'நோ ஸ்மோக்கிங்' பலகையில் 'ஸ்மோக்கிங்' பெயர். 'ஹீ இஸ் ஸ்மோக்கிங்' என்னும்போது அதே உருவம் வினையின் பகுதி. 'எ ஸ்மோக்கிங் ஃப்யூஸ்' என்றால் புகைகிற திரி, அங்கே பெயரடை. 'இங்' கண்டவுடன் நிகழ்காலத் தொடர்வினை என்று முடிவு கட்டுவது அவசரம்.

வினையடை, வினை எப்படி, எப்போது, எங்கே, எவ்வளவு நடந்தது என்று சொல்வது. பெயரடைக்கும் இன்னொரு வினையடைக்கும்கூட அது அடையாக வரும்: 'வெரி ட்ரை'. தமிழில் 'ஆக' சேர்ப்பதுபோல ஆங்கிலத்தில் 'லி' சேர்ப்பது பெருவழக்கு: 'கேர்ஃபுல் – கேர்ஃபுலி', கவனம் – கவனமாக. ஆனால் 'லி' எல்லாம் வினையடை அல்ல, 'ஃப்ரண்ட்லி' பெயரடை. 'லி' இல்லாத வினையடைகளும் ஏராளம்: 'அவே', 'நெவர்', 'சூன்', 'ஃபாஸ்ட்'. 'ஹார்ட்' என்றால் கடுமையாக, 'ஹார்ட்லி' என்றால் அரிதாக. 'ஷீ ஒர்க்ஸ் ஹார்ட்' என்று பாராட்ட நினைத்து 'ஹார்ட்லி' என்று எழுதினால் பொருள் தலைகீழாகும்.

முன்னிடைச்சொல்லின் வேலையைத் தமிழில் வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் செய்கின்றன. அவை பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்கும். 'தாயில்பட்டியிலிருந்து சிவகாசிக்கு' என்பது 'ஃப்ரம் தாயில்பட்டி டு சிவகாசி'. இடம் மாறுவது சிக்கலே இல்லை, ஒரு வாரத்தில் பழகிவிடும். உண்மையான சிக்கல், ஓர் உருபுக்கு ஒரு முன்னிடைச்சொல் என்று கணக்கு நேராக வராததுதான்.

'இல்' என்ற ஓர் உருபுக்கு ஆங்கிலத்தில் மூன்று வாசல். ஊரில் 'இன்', சாலையில் 'ஆன்', வாசலில் 'அட்': 'இன் தாயில்பட்டி', 'ஆன் தி ரோடு', 'அட் தி கேட்'. உள்ளடங்கிய இடத்துக்கு 'இன்', மேற்பரப்புக்கும் கோட்டுக்கும் 'ஆன்', புள்ளிக்கு 'அட்' என்று கொண்டால் பெரும்பாலும் பொருந்தும். காலத்துக்கும் இதே ஒழுங்கு உண்டு: ஆண்டுக்கும் மாதத்துக்கும் 'இன்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மணிக்கு 'அட்'. 'ஆல்' உருபுக்கு இரண்டு வாசல். செய்தவரைச் சொல்ல 'பை', கருவியைச் சொல்ல 'வித்'. தொழிலாளியால் செய்யப்பட்டது 'பை எ ஒர்க்கர்', நீண்ட ஊதுபத்தியால் பற்றவைத்தது 'வித் எ லாங் அகர்பத்தி'. தமிழில் கருத்தாவும் கருவியும் மூன்றாம் வேற்றுமையின் ஒரே கூரைக்குள் வாழ்கின்றன. ஆங்கிலம் அவற்றுக்குத் தனித்தனி வீடு கொடுத்திருக்கிறது. 'மேனுஃபேக்சர்டு பை' என்று எல்லாப் பெட்டியிலும் அச்சாவது கருத்தா 'பை'.

முன்னிடைச்சொல்லின் உருவில் வந்து, வினையோடு சேர்ந்து பொருளையே மாற்றும் சொற்களும் உண்டு. 'கோ ஆஃப்' என்றால் வெடி வெடித்தல். 'கோ அவுட்' என்றால் நெருப்பு அணைதல். பட்டாசு 'வென்ட் ஆஃப்' என்றால் வெடித்துவிட்டது, 'வென்ட் அவுட்' என்றால் திரி அணைந்துவிட்டது. பட்டாசு விற்பவரோ வெடிப்பவரோ இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வது கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து.

இணைப்புச்சொல், சொல்லோடு சொல்லையும் வாக்கியத்தோடு வாக்கியத்தையும் இணைப்பது. 'அண்ட்', 'ஆர்', 'பட்' சமமானவற்றை இணைக்கும். 'இஃப்', 'பிகாஸ்', 'அன்லெஸ்', 'அன்டில்' ஒன்றை மற்றொன்றுக்குச் சார்பாக்கும். தமிழ் 'உம்' ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டும்: காகிதமும் திரியும் பசையும். ஆங்கிலத்தில் 'அண்ட்' கடைசிச் சொல்லுக்கு முன் ஒரே முறை.

தடைச் சொற்றொடரில் வரும் 'ஆர்' கவனத்துக்குரியது. 'டூ நாட் ஸ்மோக் ஆர் கேரி மேட்சஸ்' என்றால் இரண்டில் ஒன்றைச் செய்யாமல் இருந்தால் போதும் என்பதல்ல. புகைபிடிக்கவும் கூடாது, தீப்பெட்டி கொண்டுவரவும் கூடாது. 'அல்லது' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் பொருள் கெடும். எதிர்மறையோடு வரும் 'ஆர்' தமிழில் 'உம்' ஆகவோ 'ஓ' ஆகவோ மாற வேண்டும். 'அன்லெஸ்' தன்னுள்ளேயே எதிர்மறையைக் கொண்டது. 'இஃப் நாட்' என்பதற்குச் சமம். அதோடு இன்னொரு 'நாட்' சேர்த்தால் பொருள் திரும்பிவிடும்.

வியப்புச்சொல் வாக்கியத்தின் கட்டமைப்புக்கு வெளியே நிற்பது. 'ஓ', 'ஆ', 'அலாஸ்', 'ஹுர்ரே' போன்றவை. தமிழின் ஐயோ, அடடா, ஆகா ஆகியவற்றின் இனம். பின்னால் வியப்புக்குறி வரும் என்பதைத் தவிர இவற்றில் கற்க அதிகம் இல்லை.

எட்டில் சேராமல் நிற்கும் சார்படை, அதாவது 'எ', 'ஆன்', 'தி', பல நூல்களில் பெயரடையின் கிளையாக வைக்கப்படுகிறது. இன்றைய மொழியியல் நூல்கள் 'திஸ்', 'மை', 'சம்', 'எவ்ரி' ஆகியவற்றோடு சேர்த்துச் சுட்டடை என்ற தனி வகையாக்குகின்றன. அதுவே சரியான இடம். பெயரடை இரண்டு மூன்று அடுக்கி வரலாம். சுட்டடை வழக்கமாக ஒன்றுதான் வரும். 'தி மை பாக்ஸ்' என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் சார்படை இல்லாததால் எங்கே 'தி' வரும், எங்கே வராது என்பது நீண்ட நாள் பயிற்சி கேட்கும். கேட்பவருக்கு எது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் 'தி', தெரியாத ஒன்றை முதன்முதலில் சொன்னால் 'எ' என்பது தொடக்க விதி. 'எ', 'ஆன்' வேறுபாடு எழுத்தைப் பொறுத்ததல்ல, ஒலியைப் பொறுத்தது: 'ஆன் எக்ஸ்ப்ளோசிவ்', 'ஆன் ஹவர்', ஆனால் 'எ யூனிட்'.

ஆங்கில அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் சாய்ந்த சிறு எழுத்தில் அச்சாகும் சுருக்கங்கள் இந்த வகைகளையே குறிக்கின்றன. 'என்' பெயர், 'வி' வினை, 'ஏடிஜெ' பெயரடை, 'ஏடிவி' வினையடை, 'பிரெப்' முன்னிடைச்சொல், 'கான்ஜ்' இணைப்புச்சொல். 'விடி' குன்றா வினை, 'விஐ' குன்றிய வினை. 'ரவுண்ட்' என்ற சொல்லின் கீழ் இவற்றில் ஐந்து வரும்: உருண்டையான என்ற பெயரடை, சுற்று என்ற பெயர், சுற்றிலும் என்ற வினையடை, ஒன்றைச் சுற்றி என்ற முன்னிடைச்சொல், வளைந்து திரும்பு என்ற வினை. படிக்கும் வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்று பார்த்து வகையை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்தச் சுருக்கத்தின் கீழுள்ள பொருளை மட்டும் படிக்க வேண்டும்.